பூசாரியே கடை வைத்தால்

(ராஜாஜி பிறந்தநாளை ஒட்டி எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த அரிசி ஆலை உரிமையாளர் அவர்களே, நான் பேச வைத்திருந்ததில் பாதியை எனக்கு முன்பே பேசி முடித்துவிட்ட வழக்கறிஞர் தம்பி அவர்களே, பொன்னாடை வேண்டாம் என்றதும் நல்ல கைத்தறித் துண்டாகப் பார்த்துப் போர்த்திய செயலாளர் அவர்களே, கடைசி வரிசையில் அடக்கமாக அமர்ந்திருக்கும் வருவாய்த்துறை நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். கடைசி வரிசைக்காரர்கள் தயவுசெய்து எழுந்து போய்விடாதீர்கள். இன்றைய பேச்சே உங்களைப் பற்றியதுதான்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று விலைக் கட்டுப்பாடு, இரண்டு தங்கக் கட்டுப்பாடு, மூன்று சொத்துரிமை. மூன்றுக்கும் சேர்த்து என்னிடம் ஒரே பழமொழிதான் இருக்கிறது. என்னோடு மேடையேறியவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த பழமொழி: சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான்.

1952 ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சரானார். போர்க்காலத்தில் வந்த ரேஷன் அப்போதும் நீடித்தது. விளைந்த நெல்லை அரசே கொள்முதல் செய்து, அட்டைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். நாடு பட்டினியில் விழும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. அரிசியோ கடைக்கு வந்து சேர்ந்தது. 1955இல் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் குழுவில், பி.ஆர்.ஷெனாய் ஒருவர்தான் மாற்றுக் கருத்து எழுதிக் கொடுத்தார். வரவுக்கு மீறிய செலவை நோட்டு அடித்துச் சமாளிக்கும் பற்றாக்குறைப் பணத்தில் இவ்வளவு பெரிய திட்டம் தாங்காது என்றார். இரண்டே ஆண்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கிய ராஜாஜி, நடப்பதற்குப் பெயரே வைத்தார்: பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்.

அந்த ராஜ்யத்தில் குடியிருந்தவர் என் பெரியப்பா. எழுபதுகளில் மகள் கல்யாணத்துக்காக வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்ட நினைத்தார். சிமெண்ட் வேண்டும்; சிமெண்டுக்குப் பெர்மிட் வேண்டும். விண்ணப்பத்தைப் பார்த்த அலுவலர், "கடைக்கால் தோண்டியிருக்கிறீர்களா? தோண்டினால்தான் கட்டப்போகிறீர்கள் என்று நான் நம்ப முடியும்" என்றார். நியாயம்தானே? தோண்டினார். பார்வையிட வரவேண்டியவர் வரவில்லை, ஐப்பசி மழை வந்துவிட்டது. குழி நிரம்பித் தவளை கத்தியது. மழை விட்டபின் வந்தவர் புதியவர், பழையவருக்கு மாற்றலாகிவிட்டது. குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, கிணறு வெட்டுவதற்கு இந்தப் படிவம் இல்லை, அது வேறு" என்றார். பெரியப்பா தலையில் கை வைத்துத் திண்ணையில் உட்கார்ந்தார். தண்ணீரை இறைத்து, மறுபடி எழுதிக் கொடுத்து, கையெழுத்தான பெர்மிட்டோடு டிப்போவுக்குப் போனால், சரக்கு இல்லை. திரும்பி நடந்தவரை டிப்போக்காரர் பின்னாலேயே வந்து மெல்லக் கூப்பிட்டார்: "பெர்மிட் இல்லாமல் என்றால் இப்போதே வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம். விலைதான் கொஞ்சம் வேறே."

சிரிக்கிறீர்கள். அக்காள் கல்யாணம் கீற்றுப் பந்தலில் நடந்தது. அந்த அறை எழும்பியபோது அவள் மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். 1982இல் சிமெண்ட் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தினார்கள், 1989இல் முழுக்க எடுத்தார்கள். இன்று மூட்டையைத் தொலைபேசியில் சொன்னால் வாசலில் இறக்குகிறார்கள். சாமி எப்போதோ வரம் கொடுத்துவிட்டது, நடுவே நின்ற பூசாரிதான் நகரவில்லை.

தங்கக் கட்டுப்பாடு பற்றி: 1963இல் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று உத்தரவு வந்து, பொற்கொல்லர் வீடுகளில் அடுப்பு அணைந்தது. அது தனிக் கூட்டத்துக்குரியது. செயலாளர் சீட்டு நீட்டுவதால், பட்டியலில் சொல்லாமல் வைத்திருந்த பனைமரத்துக்கும் கள்ளுத் தடைக்கும் வந்துவிடுகிறேன்.

வழக்கறிஞர் தம்பி சிரிப்பது தெரிகிறது. ராஜாஜி பெயரைச் சொல்லிக் கள்ளுக்கு வாதாடுகிறானே என்று பார்க்கிறார். உண்மைதான். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவரே அவர். அதனால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியையும் கொண்டுவந்தார். நெல்லை விவசாயியிடம் விட்டுவிடலாம் என்று நம்பியவர், கலயத்தை மட்டும் ஏன் நம்பவில்லை? அந்த வழக்கு எனக்கும் அவருக்கும் இன்னும் தீரவில்லை.

பனையேறி ஒருவர் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவதை அருகில் நின்று பாருங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். ஒரே மரம், ஒரே பாளை. ஒரு விரல் சுண்ணாம்பு குறைந்தால் அவர் குற்றவாளி. 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் மது சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில்; ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு வருமானம். புளித்த கள்ளில் நூற்றுக்கு ஐந்தைச் சுற்றி ஆல்கஹால், பிராந்திப் பாட்டிலில் நாற்பதுக்கு மேல். மெலிந்ததை இறக்கினால் வழக்கு, கடுமையானதை அரசே விற்கிறது. பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. பழைய பூசாரி வரத்தை மறித்தார். இந்தப் பூசாரியோ மறித்துவிட்டுத் தானே கடை வைத்திருக்கிறார். யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. எனக்கு மோர் போதும். ஏறுகிறவரை ஏறவிடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

சொத்துரிமைக்கு நேரமில்லை. 1978இல் அது அடிப்படை உரிமைகள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை மட்டும் வீட்டுக்குப் போய் யோசியுங்கள்.

வாசலில் மேசை போட்டுக் கள்ளுத் தடையை நீக்கக் கோரும் மனு வைத்திருக்கிறோம், கையெழுத்திடாமல் போகாதீர்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கிறோம். காலை எட்டு மணிக்கு வேன் இந்த மண்டபத்து வாசலிலிருந்தே புறப்படும். அடையாளத்துக்குக் கலயம் கொண்டுவருபவர்கள் உள்ளே நன்றாகச் சுண்ணாம்பு தடவியே கொண்டுவாருங்கள்; வழியில் பிடித்து வைத்துவிட்டால் மனு கொடுக்க ஆள் இருக்காது. நன்றி, வணக்கம்.