ஜோ ஃப்ரேசியரின் இடக்கை

நேயர்களுக்கு வணக்கம். முகம்மது அலியின் பெயரைக் கேள்விப்படாதவர் உங்களில் அநேகமாக எவரும் இருக்கமாட்டீர்கள். ஆனால் தொழில்முறைப் போட்டியில் அலியை முதன்முதலில் தோற்கடித்த ஜோ ஃப்ரேசியரை, அலியின் கதையில் வந்துபோகும் ஒருவராக மட்டுமே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாளைய மனக்குறை. அவருடைய இடக்கையைப் பின்தொடர்ந்து போனாலே போதும், அந்த வாழ்க்கை பெருமளவு விளங்கிவிடும்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து போஃபர்ட் பகுதியில், ஏழை விவசாயக் கறுப்பினக் குடும்பத்தின் பன்னிரண்டாவது பிள்ளையாக 1944-இல் பிறந்தவர் ஃப்ரேசியர். அவருடைய தந்தை துப்பாக்கிக் குண்டு பட்டு இடக்கையை இழந்தவர். ஆகவே தந்தையின் வேலைகளில் இடக்கையாக நின்று உதவியது இந்தச் சிறுவன்தான். கந்தலும் சோளக்கட்டையும் நடுவே ஒரு செங்கல்லும் திணித்த சாக்கை மரத்தில் தொங்கவிட்டு, அதையே நாள்தோறும் குத்திப் பழகினான். ஒருநாள் பண்ணையிலிருந்த பெரிய பன்றியைக் கோலால் சீண்டிவிட்டு ஓடியிருக்கிறான். பட்டியின் கதவு திறந்துகிடந்ததை அவன் கவனிக்கவில்லை, பன்றி கவனித்துவிட்டது. துரத்திய பன்றிக்குப் பயந்து ஓடி விழுந்ததில் இடக்கை ஒரு கல்லில் மோதி முறிந்தது. மருத்துவரிடம் போகப் பணமில்லாததால் அது தானாகவே கூடியது. ஆனால் அதன்பின் ஒருபோதும் முழுமையாக நீளவில்லை. குத்துச்சண்டையில் ஹூக் என்று சொல்லப்படுவது, முழங்கையை மடித்தபடி பக்கவாட்டிலிருந்து வீசும் குத்து. ஃப்ரேசியரின் இடக்கை எப்போதும் அதற்குத் தயாராக மடிந்தே இருந்தது. அந்தப் பன்றியைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. நான்தான் போகுமிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதின்ம வயதிலேயே ஊரை விட்டு வெளியேறிய அவர், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு இறைச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவர் போனது சாம்பியனாவதற்காக அன்று, எடையைக் குறைப்பதற்காக. யாங்க் டர்ஹம் என்ற பயிற்சியாளரின் கண்ணில் அந்த இடக்கை பட்டது அங்கேதான். அமெச்சூர் போட்டிகளில் வெற்றிமேல் வெற்றி பெற்றுவந்தவர், 1964 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் பஸ்டர் மேத்திஸ் என்ற பேருருவத்திடம் தோற்றார். மேத்திஸின் கையில் காயம் ஏற்பட்டதால், மாற்று வீரராக டோக்கியோவுக்குப் போகும் வாய்ப்பு ஃப்ரேசியருக்குக் கிடைத்தது. அரையிறுதியில் சோவியத் வீரர் யெமெல்யானோவை வீழ்த்தியபோது இடக்கைக் கட்டைவிரல் முறிந்துவிட்டது. சொன்னால் இறுதிப் போட்டியில் இறங்கவிடமாட்டார்கள் என்பதால் வாய்திறக்காமல் இருந்து, பெரும்பாலும் வலக்கையை நம்பி ஜெர்மனியின் ஹன்ஸ் ஹூபரை மூன்றுக்கு இரண்டு என்ற நடுவர் கணக்கில் வென்று தங்கம் பெற்றார். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குத்துச்சண்டை அணி பெற்ற ஒரே தங்கம் அது.

அமெச்சூர் போட்டி அன்று மூன்று சுற்றுகளே. தொழில்முறைப் பட்டப் போட்டியோ பதினைந்து சுற்றுகள். நேரம் ஆக ஆகச் சூடேறும் மனிதருக்கு இரண்டாவதே பொருத்தமான உலகம் என்பது என் எண்ணம். 1965-இல் தொழில்முறைக்கு வந்தவரை அடுத்த ஆண்டே அர்ஜென்டினாவின் பொனவேனா ஒரே சுற்றில் இருமுறை கீழே தள்ளினார். அப்படியிருந்தும் அந்தப் போட்டியை வென்றவர் ஃப்ரேசியர்தான். இராணுவத்தில் சேர மறுத்ததற்காக அலியின் பட்டம் 1967-இல் பறிக்கப்பட்டபின், 1968-இல் தம் பழைய எதிரி மேத்திஸை வீழ்த்தி நியூயார்க் மாநிலம் அங்கீகரித்த பட்டத்தையும், 1970-இல் ஜிம்மி எல்லிஸை வீழ்த்தி முழு உலகப் பட்டத்தையும் பெற்றார். (1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியில் மோதியது இதே எல்லிஸுடன்தான்.)

1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொழில்முறையில் அதுவரை தோல்வியே காணாத அலியும் ஃப்ரேசியரும் மோதினார்கள். அலி உயரமானவர், நீண்ட கைகள் உடையவர். ஃப்ரேசியர் ஆறடியைத் தொடாதவர். எனவே குனிந்து நெளிந்து எதிராளியின் கைகளுக்குக் கீழே நுழைந்து நெருங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அலி கீழிருந்து மேல்நோக்கிக் குத்த முனையும்போது அவருடைய வலக்கை தாழ்கிறது, முகம் திறக்கிறது, அந்த நொடியில் இடக்கையை வீசு என்று உதவிப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் சொல்லிக்கொடுத்திருந்தார். பதினைந்தாவது சுற்றில் அந்த இடக்கை ஹூக் அலியின் தாடையில் இறங்கியது. அலி மல்லாந்து விழுந்தார். உடனே எழுந்தும்விட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று நடுவர்களும் ஃப்ரேசியருக்கே வெற்றி என்றார்கள்.

நேரம் நெருங்குவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது; பன்றிக்குக் கொடுத்த நேரம்தான் காரணம். 1973-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் அவரை ஆறுமுறை வீழ்த்திப் பட்டத்தைப் பறித்தார். 1975 அக்டோபர் 1 அன்று மனிலாவில் அலியுடன் மூன்றாம் முறை மோதியபோது, கண்கள் வீங்கி மூடிப்போன நிலையிலும் அவர் எழத் தயாராக இருக்க, பதினான்காம் சுற்றின் முடிவில் ஃபட்ச்தான் போட்டியை நிறுத்தினார். 2011-இல் மறைந்த ஃப்ரேசியர் மொத்தம் 37 தொழில்முறைப் போட்டிகளில் 32-இல் வென்றார், ஒன்று சமனில் முடிந்தது. நான்கே தோல்விகள்: இரண்டு அலியிடம், இரண்டு ஃபோர்மனிடம், வேறெவரும் அவரை வென்றதில்லை. வணக்கம்.