வருகைப் பதிவேட்டுக்கு மேலே ஒரு பலகை

தர்மபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நூலகத்தில் அறிவிப்பு என்றாலே 'அமைதி காக்கவும்' பலகைதான் பலருக்கு ஞாபகம் வரும். நான் பேச வந்தது அதைப் பற்றி இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில் ஊழியர்கள் கையெழுத்துப் போடுகிற வருகைப் பதிவேட்டுக்கு மேலே ஓர் அறிவிப்புப் பலகையில் சில தாள்கள் ஒட்டியிருக்கும். இன்று யார் சி.எல். என்கிற தற்செயல் விடுப்பில், கவுண்டரில் சாயங்கால ஷிப்ட் யாருக்கு, எந்தப் புத்தகங்கள் பைண்டிங்குக்குப் போகின்றன, எந்த ஸ்கேனர் பார்கோடைப் படிக்க மாட்டேன் என்கிறது என்றெல்லாம் எழுதியிருக்கும். வெளி ஆட்கள் கண்ணில் படாத சமாச்சாரம். ஆனால் பென்னாகரம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மாணவி வெறுங்கையோடு திரும்புவாரா இல்லையா என்பது பல நாளில் அந்தத் தாள்களைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அவர் கேட்கும் புத்தகம் உள்ளே இருப்பதாகக் கணினி சொல்லும், அலமாரியில் காணோம். முதுகு கிழிந்ததால் காலையில்தான் பைண்டிங்குக்குக் கட்டி வைத்திருப்பார்கள். கட்டியவருக்குத் தெரியும், மாலையில் கவுண்டரில் உட்காருபவருக்குத் தெரியாது. கோஹா மாதிரி நூலக மென்பொருளில் அந்த நூலின் நிலையை மாற்ற ஒரு நிமிடம் போதும், அவசரத்தில் விட்டுப்போவதும் அதுதான். பலகையில் ஒரு வரி இருந்தால், தேடி அலையாமல், எப்போது வரும் என்றாவது அவரிடம் சொல்லலாம்.

இப்போது வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் ஷிப்ட் மாற்றம் காணாமல் போய்விடுகிறது. புத்தகம் அடுக்குகிற தற்காலிக ஊழியர் அந்தக் குழுவில் இருப்பதே இல்லை. சரி, பலகையிலும் ஒழுங்கு வேண்டும். தேதி போடுங்கள், எழுதியவர் பெயர் போடுங்கள், காலம் முடிந்ததும் கிழித்துவிடுங்கள். போன பொங்கல் விடுமுறைத் தாள் இன்னும் தொங்கினால் பக்கத்தில் இருக்கிற புதுத்தாளையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. ஒகேனக்கல் ஆடிப்பெருக்குக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகிவிட்டது, அங்கிருந்து தினமும் வந்து போகிற ஊழியரின் ஊரில் விடுமுறைக் கணக்கு வேறாக இருக்கலாம். அந்தச் சனிக்கிழமை யார் யார் வர வேண்டும் என்பதை ஒரு வாரம் முன்பே ஒட்டிவிடுவது நல்லது.

அப்புறம், ஊழியர்கள் முகம் சுருங்குகிற அறிவிப்பு ஒன்று உண்டு: இருப்புச் சரிபார்ப்பு, அதாவது கணக்கில் உள்ள புத்தகங்கள் கையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. காணாமல் போன புத்தகத்துக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. 20,000 நூல்கள் வரை இருந்தால் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு, 50,000 வரை என்றால் 3 ஆண்டுக்கு ஒரு முறையாவது, அதற்கும் மேலே போனால் சில நூல்களை மட்டும் எடுத்துப் பார்க்கிற மாதிரிச் சரிபார்ப்பு. ஓர் ஆண்டில் வாசகர் கைக்குப் போன 1,000 நூல்களுக்கு 5 குறைந்தால் அது நியாயமான இழப்பு. அலட்சியமோ நேர்மைக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். விலை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்த விதிகள் இருக்கும். எந்த விதியானாலும், எவ்வளவு இழப்பை ஏற்பார்கள் என்பதைச் சரிபார்ப்பு அறிவிப்பிலேயே ஒரு வரி சேர்த்தால் என்ன? பயந்தவர்கள் கணக்கை மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

கடைசியாக, நூலகத்துக்குப் பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூஸ் சான்று. தேர்வு முடிகிற வாரத்தில் கவுண்டரில் நிற்க இடமிருக்காது. அதில் கையெழுத்துப் போடுபவர் விடுப்பில் போனால் அவருக்குப் பதில் யார் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். விடுதியைக் காலி செய்து, பெட்டியோடு வந்து நிற்பவரிடம் 'நாளைக்கு வாங்க' என்று சொல்ல முடியாது.

நன்றி, வணக்கம்.