கடலூர் பின்கோடு ஒரு பகா எண்

அவையோருக்கு வணக்கம். கடலூர்க்காரர்களுக்கு மனப்பாடமான ஓர் எண்ணை இன்று எடுத்துக்கொள்வோம்: 607001. தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு. பெண்ணையாற்றைத் தாண்டிப் போனால் புதுச்சேரிக்கு 605001. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இந்த இரண்டும் குணத்தில் ஒட்டவே ஒட்டாது.

607001 பகா எண், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும். எப்படிச் சரிபார்ப்பது? 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் முடிக்கலாம். அவற்றின் பெருக்கல் 1001. ஆகவே முதல் மூன்று இலக்கத்துக்கும் கடைசி மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் இவற்றால் வகுபட்டால்தான் எண்ணும் வகுபடும். முதல் மூன்று இலக்கம் 607, கடைசி மூன்று 001, வித்தியாசம் 606. அது 2×3×101, அதில் 7, 11, 13 எதுவும் இல்லை. வர்க்கமூலம் 779-ஐச் சற்றே தாண்டுவதால், 773 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். மொத்தம் 137. இதில் 541 ஏமாற்றும். கால்குலேட்டரில் இரண்டு தசம இடம் மட்டும் பார்த்தால் ஈவு 1122.00 என்று நிற்கும். திருப்பிப் பெருக்குங்கள்: 541×1122 = 607002. ஒன்று அதிகம்!

இனிதான் அழகே இருக்கிறது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக, ஒரே ஒரு வழியில் எழுதலாம். 1640-இல் கணித மேதை ஃபெர்மா சொன்னார், பின்னால் இன்னொரு கணித மேதை ஆய்லர் நிறுவினார். 607001-ஐ 4-ஆல் வகுத்தாலும் மீதி 1 தான். நம் எண்ணுக்கு அந்த இரண்டு வர்க்கங்களையும் பிடிப்போம்.

முதலில், தன் வர்க்கத்தோடு 1 கூட்டினால் 607001-ஆல் வகுபடும் எண் ஒன்று வேண்டும். நம் எண்ணில் ஒன்று குறைத்து, 607000-ஐ 8-ஆல் வகுத்தால் 75875. இரண்டின் 75875-ஆம் அடுக்கை 607001-ஆல் வகுத்தால் வரும் மீதியே அப்படி ஓர் எண். அந்த அடுக்குக்கு 22841 இலக்கங்கள். யாரும் எழுத வேண்டாம். வர்க்கப்படுத்தி, தேவையான இடத்தில் இரட்டித்து, ஒவ்வொரு படியிலும் 607001-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் பதினாறு வர்க்கத்தில் முடியும். இடையில் 12 இலக்கம் வரை வரும். பத்து இலக்கக் கால்குலேட்டர் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடும். கணக்கு கெடுவது பெரும்பாலும் அங்கேதான். கடைசி மீதி 462394. அதை 607001-இலிருந்து கழித்தால் 144607, இதுவும் அதே வேலையைச் செய்யும் சிறிய எண். அதன் வர்க்கத்தோடு 1 கூட்டினால் 20911184450, அதாவது 607001×34450.

இனி மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) காணும் அதே வகுத்தல். 607001-ஐ 144607-ஆல் வகுங்கள், பிறகு வகுத்தியை மீதியால் வகுத்துக்கொண்டே போங்கள். மீதிகள் 28573, 1742, 701, 340. 1742-இல் நின்றுவிடாதீர்கள். 779-க்குக் கீழே வரும் முதல் மீதியும் அதற்கு அடுத்ததும்தான் விடை: 701² + 340² = 491401 + 115600 = 607001.

புதுச்சேரியின் 605001-ஐயும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தான். ஆனால் அது பகா எண் அல்ல. இலக்கக் கூட்டல் 12, ஆகவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. எந்த வர்க்கத்தை 3-ஆல் வகுத்தாலும் மீதி 0 அல்லது 1. இரண்டு வர்க்கங்களின் கூட்டல் 3-ஆல் வகுபட வேண்டுமானால் இரண்டும் தனித்தனியே வகுபட வேண்டும். அப்போது கூட்டல் 9-ஆலும் வகுபட்டாக வேண்டும். ஆகவே 605001-க்கு இரண்டு வர்க்கம் கிடையவே கிடையாது. மூன்று கொடுத்தால் அமைந்துவிடும்: 776² + 40² + 35².