சபா தனி, சரவாக் தனி: கைப்பக்குவ அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, மழையையும் பாராமல் கோயில் மண்டபத்தில் கூடியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை மக்களே, வணக்கம். (ஊர்ப் பெயரை 2007-இலேயே பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், தெரியும். பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி இறங்கியவர்கள் கை தூக்குங்கள். ஒரே ஒரு கை. அவர் பஸ் டிரைவர்.)

தீபாவளிப் பலகாரத்துக்கு ருசி தருவது அளவுக் குறிப்பா, கைப்பக்குவமா? நான் கைப்பக்குவம். இந்தப் பக்கம் ஆள் குறைந்ததால் கூப்பிட்டார்கள், வந்தேன். அது நமக்குள் இருக்கட்டும்.

எதிரணித் தலைவி டீச்சர் சற்று முன்னால் டிஜிட்டல் தராசைத் தூக்கிக் காட்டி ஒரு போடு போட்டார். "கைப்பக்குவம் என்பது லாட்டரி நம்பர் எடுக்கிற மாதிரி. அடித்தால் அதிர்ஷ்டம். அடிக்காவிட்டால் மாவும் போச்சு, எண்ணெயும் போச்சு" என்றார். பலத்த கைத்தட்டல். என் மனைவியும் தட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டீச்சர், உங்களிடம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு கதை.

நான் அப்போது நாலாம் வகுப்பு. ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு வீடு. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது பிடித்த மழை விடவே இல்லை. ரப்பர் மரம் நனைந்துவிட்டால் வெட்ட முடியாது. பால் வெட்டுக்கோட்டில் இறங்காமல் பட்டை முழுக்க வழியும், பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர்தான் நிற்கும். வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. அம்மா பால்வெட்டுக்காரி. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார், நனைந்து திரும்பி வருவார்.

அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்து இடித்தாகிவிட்டது. வெல்லம் இல்லை. கடையில் பழைய பாக்கி நின்றதால் கடைக்காரத் தவுக்கே கண்ணைப் பார்க்கவே இல்லை. அம்மா கொல்லையில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டு பக்கத்து மலாய்க் கிராமத்துக்கு, கம்போங்குக்குப் போனார். மாச்சிக், மலாய்க்கார அம்மா ஒருவர், அதை வாங்கிக்கொண்டு நாலு கட்டி குலா மலாக்கா கொடுத்தார். தென்னம்பாளைச் சர்க்கரை. அதில் பாகு வைத்து மாவில் ஊற்றிக் கிளறினார். வெல்லத்துக்குப் பழகின கை, இதன் பதம் பிடிபடவில்லை. மாவு இளகிவிட்டது.

சரி, போட்டுப் பார்ப்போம் என்று வட்டமாகத் தட்டி எண்ணெயில் விட்டார். வட்டம் வட்டமாகவா இருந்தது? பரவியது, நீண்டது, இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு பெரிய துண்டு, நடுவில் தென்சீனக் கடல் மாதிரி எண்ணெய் கொப்பளிக்கிறது. அப்பா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள இது?" என்றார். அம்மா நிமிராமல் சொன்னார்: "மலேசியா."

பின்வரிசையில் கேட்கவில்லையாம். மறுபடியும் சொல்கிறேன். "என்ன புள்ள இது?" "மலேசியா!" தீபகற்பம் தனி, சபா சரவாக் தனி. தெற்குமுனையில் ஒரு சின்னச் சொட்டு, அது போட்டவுடனேயே கழன்று போய்விட்டது. சிங்கப்பூர். 1965 பிரிவினை!

சும்மா விடுவோமா? நாங்கள் ஐந்து பிள்ளைகள். அக்கா சரவாக்கைப் பிடித்துக்கொண்டாள், இருப்பதிலேயே பெரிய மாநிலம். அண்ணன் பகாங். தம்பிக்கும் தங்கைக்கும் சபாவை ஆளுக்குப் பாதி. எனக்கு என்ன மிச்சம்? இருப்பதிலேயே சின்ன மாநிலம், பெர்லிஸ்! நடுவர் அவர்களே, இந்த வயதிலும் பெர்லிஸ் பக்கம் போனால் எனக்கு வயிறு பசிக்கிறது.

அப்புறம் அம்மா என்ன செய்தார்? அடுப்பைத் தணித்தார். கொல்லையில் ஒரு மரவள்ளிச் செடியைப் பிடுங்கி, கிழங்கைத் தோல் சீவி, வேகவைத்து, நார் எடுத்து, நைசாக மசித்து மாவோடு பிசைந்தார். கையில் ஒட்டுகிறதா என்று பார்த்தார். இன்னும் கொஞ்சம் கிழங்கு. மிளகளவு கிள்ளி எண்ணெயில் போட்டார். அடியில் போய், மெதுவாக மேலே வந்தது. உடையவில்லை. உருட்டித் தட்டிப் போட்டார். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்தென்று, வாயில் தென்னஞ்சர்க்கரை வாசம். லயத்தில் அதற்கு மழைப் பலகாரம் என்றே பெயர் விழுந்தது. அடுத்த வருஷம் வெயில் அடிக்கிறது, கடையில் வெல்லம் குவிந்திருக்கிறது, பக்கத்து வீட்டு அத்தை வந்து கேட்கிறார்: "இந்த வருஷம் மலேசியா போடலியா?"

இப்போது வாருங்கள் டீச்சர். இதுவா நம்பர்? நம்பர் கடைக்காரர் என்றைக்காவது, "முதலில் ஒரு நம்பரைக் கிள்ளி எண்ணெயில் போட்டுப் பாருங்கள், மேலே வந்தால் பணம் கட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறாரா? சொன்னால் இந்த ஊரில் பாதிப் பேர் டத்தோ பட்டம் வாங்கிய பணக்காரர்கள். என் மாமா முப்பது வருஷம் நம்பர் எடுத்தார். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், கார் மோதினால் அந்தக் காரின் நம்பர். அவர் எதையாவது கிள்ளிப் பார்த்தாரா? என் அம்மா பார்த்தார். பாகைத் தண்ணீரில் சொட்டவிட்டு உருள்கிறதா என்று பார்ப்பதற்கு என்ன பெயர், டீச்சர்? உங்கள் பள்ளியில் அறிவியல் பாடம் என்பீர்கள், லயத்தில் அடுப்படி என்போம்.

மரவள்ளி மட்டும் அதிர்ஷ்டத்தில் வந்ததா? ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அற்றுப்போனபோது தோட்டத்து ஜனங்களை உயிரோடு வைத்தது அந்தக் கிழங்குதான். என் பாட்டி அதைப் புட்டாக அவித்தார், அடையாகத் தட்டினார், காயவைத்து மாவாக்கினார். அம்மா கை நீட்டியதும் கிழங்கு வந்ததற்குப் பின்னால் அந்த மூன்றரை வருஷப் பசி இருக்கிறது. உங்கள் தராசில் அதை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

நம் முறுக்கு மாவில் சந்தான், அதுதான் தேங்காய்ப்பால், ஊற்றினோம், நெய்ச்சோற்றில் வாசத்துக்குப் பாண்டான் இலையை முடிந்து போட்டோம். இந்திய முஸ்லிம் மாமாக் கடைக்காரர் சீனர் நூடுல்ஸான மீயை வாங்கி மசாலா போட்டுப் புரட்டினார், இன்று மீ கோரேங் இல்லாத தாமான், குடியிருப்பு உண்டா? எந்தக் குறிப்பைப் பார்த்துச் செய்தார்கள்? இதற்கு மேல் வாதம் வேண்டாம், கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயத்தை இடித்துவிட்டார்கள், கொல்லை இருந்த இடத்தில் தாமான் வந்துவிட்டது. அம்மா என்னோடு இருக்கிறார், கேஸ் அடுப்பு உயரமாக இருக்கிறது என்று தரையில் உட்கார்ந்துதான் மாவு பிசைகிறார். இந்த மேடைக்காகப் போன வாரம் கேட்டேன்: "அம்மா, அன்னிக்கு எவ்வளவு அளவு போட்டே?"

"என்ன அளவு? ஏழு பேரு" என்றார்.

ஏழு பேர். அப்பா, அம்மா, நாங்கள் ஐந்து பேர். இப்போது அக்கா ஜொகூரில், தம்பி சிங்கப்பூரில். தீபாவளிக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

நேற்று ராத்திரி அம்மா உருண்டைகளைத் தட்டில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார், ஆளுக்கு ஒரு கூறு. எண்ணினேன். ஏழு.

"அம்மா, ஒண்ணு கூட இருக்கு" என்றேன்.

"தெரியும்டா" என்றார், உருட்டிக்கொண்டே.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. மூன்றாவது வரிசையில் அம்மா, மடியில் மைலோ டின்னோடு உட்கார்ந்திருக்கிறார். டீச்சர், உங்களுக்கும் எடுத்து வைத்திருக்கிறார். நன்றி, வணக்கம்.