பள்ளி வாசலிலிருந்து எழுபது தப்படி

வானொலி நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

உடம்புக்கு ஆகாத தின்பண்டங்களையும் பானங்களையும் கடைகளில் விற்க விடலாமா என்பதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். 31 ஆண்டுகள் ஆசிரியராகப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை வரவேற்றும் வழியனுப்பியும் வந்தவன் நான். ஆகவே அந்த வாசலுக்கு எதிரே இருக்கும் கடைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். வளர்ந்தவர்கள் எதை வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பது அவரவர் விருப்பம், அதில் தலையிட எனக்கு மனமில்லை. சீருடையில் வரும் எட்டு வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருக்கும் ஐந்து ரூபாய் நாணயம்தான் என் கவலை.

அந்த நாணயத்துக்கு ஏற்கெனவே ஒரு காவல் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் ஒரு விதிமுறையை வெளியிட்டது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி உணவகத்திலோ, விடுதிச் சமையலறையிலோ, வளாகத்தைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளோ மாணவர்களுக்கு விற்கக் கூடாது. தயாரிக்கும் நிறுவனங்கள் அந்த எல்லைக்குள் விளம்பரமும் செய்யக் கூடாது. 2010-இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன ஒரு பொதுநல வழக்கில் தொடங்கி, பத்து ஆண்டுகள் கழித்துப் பிறந்த விதி இது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்?

அண்மையில் நான் பணியாற்றிய பள்ளியின் வாசலிலிருந்து நடந்து பார்த்தேன். 50 மீட்டர் என்பது என் நடைக்கு எழுபது தப்படி. அதற்குள் நான்கு பெட்டிக்கடைகள். நான்கிலும் பாக்கெட்டுகள் சரம் சரமாக, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகின்றன. பள்ளிச் சுவரில் ஓர் அறிவிப்பு இருக்கிறது: 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத வைத்த அறிவிப்பு. தின்பண்டத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அந்தக் கடைகளில் ஒன்றை நடத்தும் அக்காவை எனக்கு நெடுநாளாகத் தெரியும். அவருடைய மாமியார் அதே இடத்தில் சாக்கை விரித்து நெல்லிக்காய், இலந்தைப்பழம், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தை, அவித்த கிழங்கு எல்லாம் விற்றவர். "நீங்கள் ஏன் அதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டேன். "நெல்லிக்காய் நாலு நாளில் வாடிப்போகும் சார். வாடினால் நட்டம் எனக்கு. சரம் மூன்று மாதம் தொங்கினாலும் கெடாது. குளிர்பானம் வைக்கிற பெட்டியைக் கம்பெனிக்காரரே கொண்டுவந்து வைத்தார், பெயர்ப் பலகையும் அவர்கள் எழுதிக் கொடுத்ததுதான்" என்றார்.

அவர் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். பண்டம் கெட்டுப்போகும் ஆபத்தை யார் சுமக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நல்ல பண்டம் விற்றால் நட்டம் ஏழைக்கு. உடம்புக்கு ஆகாத பண்டம் விற்றால் பெட்டியும் பலகையும் இலவசம். இப்படி இருக்கும்போது அந்த அக்காவுக்கு மட்டும் அபராதம் போட்டுவிட்டுப் போவது நியாயமே இல்லை.

வழக்கமான கோலா பானம் 250 மில்லிலிட்டர் குடித்தால் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது. வளர்ந்த ஒருவரே ஒரு நாளில் ஏறத்தாழ அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குளிர்பானத்துக்கு 40 சதவீத வரி போடுவது சரிதான். ஆனால் 2025 செப்டம்பரில் அரசு நொறுக்குத்தீனி, உடனடி நூடுல்ஸ், சாக்லேட் ஆகியவற்றின் வரியை 5 சதவீதமாகக் குறைத்தது. 10 கோடிக்கு மேற்பட்ட நீரிழிவு நோயாளிகள் வாழும் நாட்டில் எடுக்கும் முடிவா இது? எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலையில் உப்புமாவும் பொங்கலும் கிடைக்கின்றன. மதியம் முட்டையோடு சோறு. இவ்வளவு அக்கறையோடு சமைத்துப் போடும் பள்ளியின் வாசலில், இடைவேளை மணி அடித்ததும் அந்தச் சரங்கள் காத்திருக்கின்றன.

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தாம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு நீள அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். 50 மீட்டர் அளந்து, புகையிலை அறிவிப்புக்குப் பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு மனு கொடுங்கள். நிறுவனத்தின் பெட்டியும் பலகையும் முதலில் அகற்றப்பட வேண்டும் என்று அதில் எழுதுங்கள். அதோடு, எதிர்க்கடைக்காரரைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசுங்கள். வாரத்தில் இரண்டு நாள் கடலை மிட்டாயோ, கொய்யாவோ, நெல்லிக்காயோ பெற்றோர் சேர்ந்து வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுங்கள்.

அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். "விற்காமல் மிஞ்சியதை யார் எடுத்துக்கொள்வார்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். நாம் எடுத்துக்கொள்வோம் என்று சொல்ல எத்தனை பெற்றோர் முன்வருவீர்கள்?

நன்றி, வணக்கம்.