காய்ச்சல் போய் மூன்று மாதம் கழித்து முடி ஏன் கொட்டுகிறது?

[திரையில்: சீப்பில் சுருண்டு கிடக்கும் முடி. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக் கறுப்புத் துணிமேல் வைக்கிறார்கள்.]

வணக்கம். தலைக்குக் குளித்துவிட்டுப் பார்த்தால் பாத்ரூம் ஜாலியில் முடி கொத்தாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. உடனே என்ன நினைப்போம்? ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் மாறிவிட்டது, உப்புத் தண்ணீர்தான் காரணம். அதை விடுங்கள். காலண்டரை எடுத்து இரண்டு, மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள். டெங்கு, டைபாய்டு, கொரோனா என்று கடுமையான காய்ச்சல் ஏதாவது வந்ததா? ஆபரேஷன் நடந்ததா? சோற்றையே நிறுத்திவிட்டு வேகமாக எடை குறைத்தீர்களா?

[திரையில்: தோலுக்கு அடியில் முடிவேரின் படம்.]

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு முடி இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், அப்புறம் சுமார் மூன்று மாதம் ஓய்வெடுக்கும், பிறகு விழும். அதனால் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்புதான். கடும் காய்ச்சல் வரும்போது உடம்பு உயிர்க்காரியங்களைத்தான் முதலில் கவனிக்கும். வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிந்ததும் அவை சேர்ந்தாற்போல விழும். காய்ச்சலையே மறந்திருப்போம், அப்போதுதான் முடி கொட்டும். மருத்துவத்தில் இதை டெலோஜன் எஃப்ளூவியம் என்கிறார்கள்.

பிரசவமான அம்மாக்களுக்கும் இதே கதைதான். கர்ப்பத்தில் ஹார்மோன் பிடித்து வைத்திருந்த முடி, குழந்தை குப்புற விழப் பழகும் நேரத்தில் கொத்துக் கொத்தாக வரும்.

இப்போது அந்த ஒற்றை முடியைக் கிட்டத்தில் பாருங்கள். நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் தெரிகிறதா? 'ஐயோ, வேரோடு வருகிறதே' என்று பதறுவது இதைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை, ஓய்வு முடித்த முடியின் அடிப்பகுதி. வேர் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அதிலிருந்து புது முடி வரும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது அடங்கிவிடும். ஆனால் முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால், பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய இன்னும் பல மாதம் ஆகும்.

சரி, ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால்? அல்லது எந்தக் காரணமும் பிடிபடவில்லை என்றால்? தோல் மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கலாம், தைராய்டும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி, பரு இவை சேர்ந்து வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

[திரையில்: ஒரே பெண்ணின் வகிடு, ஒரு வருட இடைவெளியில் இரண்டு புகைப்படங்கள்.]

கொட்டுவதே தெரியாமல் வகிடு அகன்றுகொண்டே போகிறதா? ஆண்களுக்கு நெற்றி மேலே ஏறுகிறதா? அது வேறு. அங்கே முடி ஒவ்வொன்றும் மெலிந்துகொண்டே வருகிறது. காத்திருந்தால் தானாகத் திரும்பாது, சீக்கிரம் தொடங்கினால் இருப்பதைக் காப்பாற்றலாம். மருத்துவர் மினாக்சிடில் எழுதிக் கொடுத்தால், முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் வேண்டும்.

திடீரென்று ரூபாய் நாணயம் அளவில் வழவழவென்று ஒரு சொட்டை விழுந்தால் நம் ஊரில் புழுவெட்டு என்பார்கள். எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. நம் எதிர்ப்புச் சக்தியே முடிவேரைத் தாக்குவதால் வருவது அது. பூண்டை அரைத்துத் தேய்த்துத் தோல் புண்ணானதுதான் மிச்சம் என்று ஆக வேண்டாம். இதற்கு ஊசியும் மருந்தும் இருக்கின்றன.

பள்ளி போகும் பிள்ளையின் தலையில் செதில் உதிர்ந்து, அரித்து, முடி பாதியில் ஒடிந்திருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மேலே தடவும் களிம்பு மட்டும் வேர்வரை போகாது, மாத்திரை தேவைப்படும். சீப்பையும் துண்டையும் தனியாக வையுங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் தயவுசெய்து நாள் கடத்தாதீர்கள். முடி போன இடத்தில் எரிச்சல், வலி, சிவப்பு, சீழ் இருக்கிறது. அல்லது அந்தத் தோல் பளபளவென்று, முடித்துளையே தெரியாமல் இருக்கிறது. அங்கே வேர் அழிந்து தழும்பாகிக்கொண்டிருக்கலாம். அழிந்த வேர் திரும்ப முளைக்காது. எண்ணெய் மாற்றிப் பார்ப்போம், மொட்டை போட்டுப் பார்ப்போம் என்று இரண்டு மாதம் தள்ளினால் அந்த இரண்டு மாதத்து முடி போனதுதான். இந்த வாரமே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

போகும்போது பழைய காய்ச்சல், பிரசவத் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்; தைராய்டு பரிசோதனையின் முடிவையே அது மாற்றிக் காட்டிவிடும்.