குறை சொல்லத் திறக்கும் வாய் நன்றி சொல்லத் திறக்காதா?

(தலைப்பு: குடும்பத்தாருக்கு நன்றி மனதில் இருந்தால் போதுமா, வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? ‘சொல்லத்தான் வேண்டும்’ அணியின் உரை.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, ‘மனதில் இருந்தால் போதும்’ என்று இவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசிய எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மனதில் இருந்தாலே போதும் என்றால் இவர்களுக்கு மைக் எதற்கு நடுவர் அவர்களே? நாற்காலியில் உட்கார்ந்தபடியே நினைத்திருக்கலாமே, நீங்களும் புரிந்துகொண்டு தீர்ப்பு எழுதியிருப்பீர்களே. அது மட்டுமா, எனக்கு முன்னால் பேசிய சகோதரி எப்படித் தொடங்கினார்? விழாக் குழுவுக்கு நன்றி, நடுவருக்கு நன்றி, மைக் செட் வைத்தவருக்கும் நன்றி. மைக் செட் வைத்தவரை அவர் இன்று மாலைதான் முதன்முறையாகப் பார்த்திருப்பார். அவருக்கு வாய் திறந்தது. பிறந்ததிலிருந்து கூடவே இருப்பவர்களுக்கு மட்டும் மனதில் இருந்தால் போதுமாம்!

சரி, அவருடைய முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். “பெற்ற தாயிடம் நன்றி சொல்வது அவளை அந்நியமாக்குவது” என்றார். நல்ல கைதட்டல் கிடைத்தது, நானும் தட்டினேன். ஆனால் ஒரு கேள்வி. வீட்டில் குறை இருந்தால் என்ன செய்கிறோம்? “என் சட்டையை யார் இங்கே போட்டது? சார்ஜரை எங்கே வைத்தாய்? இதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதா?” இதையெல்லாம் மனதிலேயே வைத்துக்கொண்டு ‘அவர்களுக்கே தெரியும்’ என்று பேசாமல் இருக்கிறோமா? பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்கிறோம். அப்போது வராத அந்நியம் நன்றி சொல்லும்போது மட்டும் எங்கிருந்து வந்துவிடுகிறது?

குறை மட்டும் சத்தமாகவும் நிறை மட்டும் மௌனமாகவும் இருக்கிற வீட்டில், காதில் விழுவது எது? குறைதான். இருபது வருடம் கழித்து அந்த அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், “நான் எது செய்தாலும் இவர்களுக்குப் பிடிக்காது” என்பார். பிள்ளையைக் கேட்டால், “எங்கள் அம்மா மாதிரி உண்டா?” என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நடுவில் ஒரு வாக்கியம் வராமலே போய்விட்டது, அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, ஒரு சின்னக் காட்சி. இரவில் ஒருவர் படித்துக்கொண்டே தூங்கிவிடுகிறார். கண்ணாடி மூக்கில், புத்தகம் மார்பில், விளக்கு எரிகிறது. வீட்டில் ஒருவர் வருகிறார். முதலில் ஒரு பக்கக் காதிலிருந்து மெல்ல விடுவித்து, அப்புறம் இன்னொரு பக்கம். தூக்கம் கலைந்துவிடாமல் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கை எட்டுகிற இடத்தில் வைக்கிறார். படித்த பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகிப் புத்தகத்தை மூடுகிறார். விளக்கை அணைக்கிறார். காலையில் எழுந்தவர் கையை நீட்டுகிறார், கண்ணாடி இருக்கிறது. அவர் என்ன நினைப்பார் தெரியுமா? ‘பரவாயில்லை, தூக்கக் கலக்கத்திலும் நான் எவ்வளவு ஒழுங்காகக் கழற்றி வைத்திருக்கிறேன்!’

சிரிக்கிறீர்கள். ஆனால் இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வு. கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்கார வைத்து, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறு சதவீதத்தைத் தாண்டியது! யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு உடனே நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் செய்தது வருவதில்லை. இதில் வேடிக்கை, சண்டையை மூட்டிவிடுவது போன்ற பெருமைப்பட முடியாத விஷயங்களில்கூட அவரவர் பங்கை அவரவர் கூட்டியே சொன்னார்கள்.

இங்கேதான் எதிரணியின் வாதம் ஆட்டம் காண்கிறது. ‘மனதில் இருந்தால் போதும்’ என்கிறீர்கள், மனதில் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கிறதே! கவனித்தால்தானே மனதுக்குப் போகும்? நன்றி சொல்லியாக வேண்டும் என்ற பழக்கம் இருப்பவன்தான், இன்று எனக்கு யார் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்ப்பான். தேடும்போதுதான் காய்ந்த துணி தானாக மடிந்துகொள்வதில்லை என்பது தெரியும். நாம் வரும்வரை விழித்திருந்தவர், ‘தூக்கம் வரவில்லை’ என்று சொன்னது பொய் என்பதும் தெரியும்.

வாழ்க்கையின் எளிய சந்தோஷங்கள் எல்லாமே இந்த மாதிரி ஓசைப்படாமல் வருகிறவைதான். மழை வரும்போது வீட்டில் எல்லாரும் ஜன்னல் பக்கம் வந்து நிற்பது, யாரோ சொன்ன பழைய நகைச்சுவைக்கு மறுபடி சிரிப்பது, ஒன்றும் பேசாமல் ஒரே அறையில் அவரவர் வேலையைப் பார்ப்பது. இவை வந்துபோவதே நமக்குத் தெரியாது. ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவை வாரம் ஒருமுறை, நன்றி பாராட்டத் தக்கவை என்று ஐந்து விஷயங்கள் வரை எழுதச் சொன்னார்கள். இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுதியது. 10 வாரம் கழித்துப் பார்த்தால், நன்றியை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி இன்னும் நிறைவாக உணர்ந்தார்கள். அவர்களுக்கு யாரும் புது வாழ்க்கை கொடுத்துவிடவில்லை.

“எல்லாம் சரி, சொல்லக் கூச்சமாக இருக்கிறதே” என்று அங்கிருந்து ஒரு நண்பர் தலையாட்டுகிறார். உண்மையான தடை அதுதான் தம்பி, தத்துவம் எல்லாம் அப்புறம் சேர்த்துக்கொண்டது. அதற்கும் பதில் இருக்கிறது. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்ளியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம், வாங்குபவர் எப்படி உணர்வார் என்று ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு வாங்கியவர்களையே கேட்டார்கள். எழுதியவர்கள் பயந்த அளவுக்குச் சங்கடம் அங்கே இல்லை. எதிர்பார்த்ததைவிட மகிழ்ச்சியும் ஆச்சரியமும்தான் அதிகம்.

திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். செய்ந்நன்றி அறிதல் எந்த இயலில் இருக்கிறது? இல்லறவியலில். இல்வாழ்க்கை, வாழ்க்கைத் துணைநலம், மக்கட்பேறு, அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல், அதற்கு அடுத்த அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். வரிசையைக் கவனியுங்கள் நடுவர் அவர்களே: இனியவை ‘கூறல்’ முடிந்த கையோடு நன்றி வருகிறது. இனிதாக நினைத்தல் என்று வள்ளுவர் அதிகாரம் வைக்கவில்லை.

எதிரணி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மறுக்க மாட்டேன். செய்ததைச் சொல்லிக் காட்டியே பிள்ளைகளைக் கட்டிப்போடும் வீடுகள் உண்டு. “உனக்காக நான் எவ்வளவு செய்தேன், நான் சொல்கிற படிப்பைத்தான் படிக்க வேண்டும்” என்பது பாசம் இல்லை, கடன் வசூல். ஆனால் அது நன்றியைக் கேட்டு வாங்குவது. நாங்கள் சொல்வது, கேட்காமலே கொடுப்பதை. இன்னும் சொல்லப்போனால், அவ்வப்போது மனதாரச் சொல்லிவிடுகிற வீட்டில் அந்தக் கணக்குப் புத்தகமே திறக்க வேண்டி வராது. ‘யாருமே கவனிக்கவில்லை’ என்ற ஏக்கம்தான் பல பேரை வயதான காலத்தில் பட்டியல் போட வைக்கிறது.

எப்படிச் சொல்வது என்பதில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பிறந்தநாளன்று, “எல்லாவற்றுக்கும் நன்றி” என்று மொத்தமாகச் சொல்வது சுவரொட்டிக்குத்தான் பொருந்தும். “நேற்று நான் கோபமாக வந்தேன், நீ ஒன்றும் கேட்காமல் விட்டாயே, அது பெரிய உதவி” என்று சொல்லிப் பாருங்கள். நன்றி என்ற சொல் அதில் இல்லவே இல்லை. கேட்டவர், “ஆமாம், இப்போது எதற்கு இது?” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். திரும்பிய பக்கம் போய் எட்டிப் பாருங்கள், சிரித்துக்கொண்டிருப்பார்.

மணி அடித்துவிட்டது. ஒரே ஒரு கோரிக்கை நடுவர் அவர்களே. அடுத்துப் பேச வரும் எதிரணித் தலைவர், இந்தப் பேச்சை அவர் தயாரிக்கும்போது வீட்டில் யார் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள் என்று சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். அந்தப் பெயரை அவர் சொன்னால் எங்கள் அணிக்கு மாறிவிட்டார் என்று பொருள். சொல்லாமல் போனால், தீர்ப்பை அவர் வீட்டிலேயே எழுதிக்கொள்வார்கள். நன்றி, வணக்கம்.